தோட்டாவை வீட்டில் அடைக்காதே! உரிமையைக் கேட்டு வாங்கு!



மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவனுக்குப் பகல் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை. பகலெல்லாம் உழுது, களை வெட்டி, தண்ணி கட்டுகிறோம். ராத்திரி டின்னைத் தூக்கிக்கொண்டு காவல் கொட்டாய்க்குப் போகிறோம். ஒரு மணி நேரம் கண் அசந்தால் போதும். நிலக்கடலைக் காட்டில் கிடா மாட்டை விட்டு உழுத மாதிரி ஆகிவிடுகிறது. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடுகிறது. மக்காச்சோளத் தட்டையைச் சாய்த்து, கதிரில் பாதியைத் தின்று, பாதியை மிதித்துவிட்டுப் போகிறது. காட்டுப்பன்றி தின்பதை விட நாசம் பண்ணுவதுதான் அதிகம். இது நம் வாசகர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் இந்த இதழில் நாம் எழுத வந்தது பன்றியைப் பற்றி மட்டும் அல்ல. பன்றிக்குப் பயந்து நம் ஆட்கள் வீட்டுக்குள்ளேயே செய்ய ஆரம்பித்திருக்கும் ஒரு காரியத்தைப் பற்றி.

சுட்டுப் போட்ட பழைய தோட்டாக் கூட்டை எடுத்து, கிடைத்த மருந்தைத் திணித்து, பால்ரஸ் குண்டையோ ஈயத்தையோ போட்டு, மறுபடியும் தோட்டா ஆக்குகிறார்கள். நாட்டுத் துப்பாக்கிக்குப் பட்டாசைப் பிரித்து மருந்து எடுக்கிறார்கள். பக்கத்திலேயே அடுப்பு எரிகிறது, குழந்தை விளையாடுகிறது, தாத்தா பீடி பிடிக்கிறார். யாரையும் காட்டிக்கொடுக்க நாம் இதை எழுதவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் கை போகக் கூடாது, நம் வீட்டு ஆள் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

ஏன் அடைக்கிறான்?

குறும்புக்காக யாரும் அடைக்கவில்லை. உரிமம் உள்ளவனுக்கே தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. கடை இருப்பது தூரத்து நகரத்தில். போய் நின்றால் பன்னிரண்டு போர் இருக்கும்; இருபது போர், இருபத்தெட்டு போர், நானூற்றுப் பத்து என்று சிறு குழல் துப்பாக்கிக்குக் கேட்டால் “ஸ்டாக் இல்லை” என்ற பதில்தான். அப்பன் காலத்துத் துப்பாக்கி சிறு குழலாக இருந்தால் அது சுவரில் தொங்கும் அலங்காரம். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போனதுதான் மிச்சம். இந்த எரிச்சலில்தான் “நாமே அடைச்சிக்கலாம்” என்ற யோசனை வருகிறது. யோசனை வரும் காரணம் நியாயமானது. யோசனைதான் தப்பு.

சிறு குழல் என்றால் ஆபத்தும் சிறியதா?

நம் ஆட்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு.

முதலில் இந்த ‘போர்’ கணக்கைத் தெரிந்துகொள்வோம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால், அந்த ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல்தான் பன்னிரண்டு போர். இருபது உருண்டையாக உருட்டினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். அது இருபது போர். ஆகவே எண் ஏற ஏற குழல் ஒடுங்கும். பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது போர் சுமார் 15.6. இருபத்தெட்டு போர் சுமார் 14. நானூற்றுப் பத்து மட்டும் உருண்டைக் கணக்கு இல்லை, அது அங்குலக் கணக்கு, சுமார் 10.4 மில்லிமீட்டர்.

கூடு சிறுத்தால் உள்ளே இடம் குறைவு. பெரிய அண்டாவில் ஒரு கை உப்பு கூடினால் சமாளித்துவிடலாம். சின்னக் கிண்ணத்தில் அதே உப்பு விழுந்தால் வாயில் வைக்க முடியாது. அதே கதைதான். சிறிய கூட்டில் துளி மருந்து கூடினாலும் குழலுக்குள் அழுத்தம் எகிறிவிடும். கம்பெனியில் துல்லியமாக அளந்து போடுவதை நாம் தீப்பெட்டி மூடியால் அளந்து போட முடியுமா?

அடுத்தது மருந்து. மருந்து எல்லாம் ஒன்றல்ல. பழைய கரிமருந்து ஒரு விதமாக எரியும். இப்போதைய தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து வேறு விதமாக எரியும். அதே அளவுக்கு மிக அதிக அழுத்தம் தருவது. கரிமருந்துக்கென்று செய்த பழைய குழலில் அதைப் போட்டால் குழல் தாங்காது. பட்டாசு மருந்தும் தீக்குச்சி மருந்தும் இன்னும் மோசம். அவை குண்டைத் தள்ளுவதற்காகச் செய்த மருந்தே இல்லை. சத்தம் போட்டு வெடிப்பதற்காகவும் உரசினால் பற்றிக்கொள்வதற்காகவும் செய்தவை. திணிக்கும்போதே வெடித்தால் யாரைக் கேட்பது? துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடும் மனுசனின் கண்ணும் தாடையும் எங்கே இருக்கின்றன? குழலின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில்தான். பிளந்தால் முதலில் போவது கண்.

மூன்றாவது, கூடு. ஒரு தடவை சுட்ட கூடு சூட்டிலும் அழுத்தத்திலும் விரிந்து மெலிந்துவிட்டது. மறுபடி மறுபடி அடைத்தால் ஏதாவது ஒரு தடவை பக்கவாட்டில் கிழியும், அல்லது உள்ளேயே சிக்கும். நாட்டுத் துப்பாக்கியில் இன்னொரு சனியன். முன்பு கெட்டித்தது வெடிக்காமல் உள்ளேயே இருக்கும். இருட்டில் மறந்து அதன் மேலேயே மறுபடி கெட்டிப்பான். அல்லது குழலுக்குள் பொறி அணையாமல் கிடக்கும். மருந்து கொட்டும்போதே பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்து வைக்க வேண்டும். கம்பெனித் தோட்டாவிலேயே இந்த ஆபத்து உண்டு. பன்னிரண்டு போர் துப்பாக்கியில் தவறி இருபது போர் தோட்டாவைப் போட்டால், அது வழுக்கி உள்ளே போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். பின்னால் இருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். அதன் பின்னால் பன்னிரண்டு போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். இதைத் தடுக்கத்தான் இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கமே வந்தது. பல வீட்டுத் தோட்டாவையும் ஒரே டப்பாவில் கலந்து போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கை போன பிறகு எந்தக் கையால் மனு எழுதுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது என்கிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தி இதற்கான தண்டனையைக் கூட்டிவிட்டார்கள். உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. உரிமம் இல்லாத துப்பாக்கியை வெறுமனே வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. “என் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கே, நான் அடைச்சா என்ன?” என்று கேட்கும் நண்பர்கள் கவனிக்கவும்: வைத்திருக்கும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. வெடிமருந்துக்குத் தனியாகச் சட்டம் இருக்கிறது. பிடிபட்டால் இருக்கும் உரிமமும் போய்விடும். பன்றி தின்றது அரை ஏக்கர் கடலை; கேஸ் தின்னப் போவது மொத்த நிலத்தையும்.

இதே மூச்சில் அவுட்டுக்காயையும் கரண்டுக் கம்பியையும் சொல்லிவிடுகிறோம். 2020 மே மாதம் கேரளத்துப் பாலக்காட்டில் வாய்க்குள் வெடி வெடித்துச் சூல் கொண்ட யானை ஒன்று ஆற்றில் நின்றபடியே செத்தது. நாடே பார்த்தது. வெடிக்குப் பன்றி, பசு என்று பேதம் தெரியாது. மேயப் போன நம் மாட்டுக்கும் வாய் கிழியும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் அனாதையாகின, விவசாயி கைதானார். இ.பி. லைனில் இருந்து நேரடியாகக் கம்பி இழுப்பது வேலி அல்ல, தூக்குக் கயிறு. ராத்திரி தண்ணி திருப்பப் போகும் நம் ஆளும் அதில்தான் விழுகிறான். விட்டுவிட்டுக் கரண்டு தரும் கருவியோடு, 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து போடும் வேலி வேறு. அது அதிரத்தான் வைக்கும், ஆளைக் கொல்லாது.

குற்றவாளி யார்?

இவ்வளவையும் விவசாயிக்குச் சொன்ன நாம், அரசாங்கத்தைப் பார்த்தும் கேட்க வேண்டும். ஒரு மனுசன் உயிரைப் பணயம் வைத்து வீட்டில் மருந்து திணிக்கிறான் என்றால் அவனை அந்த இடத்துக்குத் தள்ளியது யார்?

அதே ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு வகை வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்று இருக்கிறது. 14ஆவது பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போய், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18ஆவது பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டம் ஒரு ஏக்கர்காரனுக்கும் பொருந்தும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்ற கதையாக இருக்கிறது நிலைமை. மனு தாலுகாவில் கிடக்கும், பிறகு ஸ்டேஷனில் கிடக்கும், பிறகு வனத்துறைக் கருத்துக்காகக் கிடக்கும். மூன்று போகம் முடிந்த பிறகு ஒரு வரியில் “பரிந்துரைக்கப்படவில்லை.” ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. நகரத்தில் பங்களா வைத்திருப்பவருக்குத் தற்காப்புத் துப்பாக்கி கிடைக்கிறது. நடுக்காட்டில் பரணில் படுப்பவனுக்கு டின்னும் குச்சியுமா? பக்கத்துக் கர்நாடகத்தின் குடகில் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே உரிமத்தில் விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. நாம் விலக்குக் கேட்கவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம்.

தேர்தல் வந்தால் இன்னொரு கூத்து. “எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படை” என்று ஆள் அனுப்புகிறார்கள். மாவட்டத்தில் ஆய்வுக்குழு அமைத்து, ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் யார் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். ஒரு வழக்கும் இல்லாத விவசாயியின் துப்பாக்கி கதிர் முற்றும் நேரத்தில் ஸ்டேஷன் அலமாரியில் ஏன் தூங்க வேண்டும்?

துப்பாக்கி இருந்தாலும் சுடலாமா?

இதில் ஒளிவு மறைவு வேண்டாம். பயிர்க் காவலுக்கு உரிமம் இருக்கிறது என்பதற்காக யாரும் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2022இல் அதைத் திருத்தி, அட்டவணைகளை மாற்றியதில், மூன்றாவது அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணைக்குப் போய்விட்டது. அனுமதியில்லாமல் வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இப்போதைக்கு நம் துப்பாக்கியின் வேலை சத்தம் கொடுத்து விரட்டுவது மட்டுமே.

ஆனால் அதே சட்டத்தின் 11ஆவது பிரிவில் வழியும் இருக்கிறது. நிலத்தில் நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால், இரண்டாவது அட்டவணை விலங்கைக் கொல்ல தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ எழுத்து மூலம் அனுமதி தரலாம். இந்த வழியைப் பிடித்துத்தான் 2022இல் கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது; உரிமத் துப்பாக்கி உள்ளவர்களை அவர்கள் அழைத்துச் சுடச் சொல்லலாம், விஷமும் வெடியும் கரண்டும் கூடாது என்று நிபந்தனை போட்டது. பீகாரில் 2015இலும், உத்தராகண்டில் 2016இலும் குறிப்பிட்ட மாவட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குக் காட்டுப்பன்றியைப் பயிர் நாசினி விலங்கு என்று ஒன்றிய அரசே அறிவித்தது. ஆகவே “சட்டத்தில் இடமில்லை” என்று எந்த அதிகாரியும் நம்மிடம் கதை விட முடியாது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடும். ஒரு அடி முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிவாரத்துக்காரனுக்கு என்ன கிடைத்தது? நம் நிலத்தின் கடைசி வரப்பே காட்டின் எல்லைக்கல். பன்றி முதலில் மேய்வது நம் காட்டில்தான். அதிகம் அடிபடுகிறவனுக்கு மருந்து இல்லை என்று சொல்லும் வைத்தியம் என்ன வைத்தியம்? பிடித்து உள்ளே விட்ட பன்றி நாளை ராத்திரி திரும்பி வராது என்று பன்றியிடம் யாராவது எழுதி வாங்கியிருக்கிறார்களா?

நாம் காட்டுக்கு எதிரி அல்ல. மலையில் மரம் நின்றால்தான் நம் கிணற்றில் ஊற்று. யானைக்கும் புலிக்கும் மானுக்கும் காடு வேண்டும். ஆனால் காட்டைக் காப்பாற்றும் செலவு முழுவதையும் இரண்டு ஏக்கர்காரன் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

நமது கோரிக்கைகள்

1. பயிர்ப் பாதுகாப்பு உரிம மனுக்களைக் காலவரம்பு வைத்து முடிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புதுப்பித்தலுக்குத் தாலுகா அளவில் முகாம் நடத்த வேண்டும்.

2. உரிமம் உள்ள விவசாயிகளுக்கு, சிறு குழல் உட்பட, தேவையான தோட்டாவும் மருந்தும் மாவட்டத்திலேயே முறையான விற்பனையாளர் மூலம் நியாய விலையில் கிடைக்க வேண்டும். ஒன்றிய அரசின் தொழிற்சாலைகளே தோட்டா செய்கின்றன. விவசாயிக்கு அனுப்ப மட்டும் ஏன் தயக்கம்?

3. உரிமம் இல்லாத பழைய நாட்டுத் துப்பாக்கியைத் தானாக ஒப்படைப்பவர் மீது வழக்குப் போடக் கூடாது. தகுதியுள்ளவருக்கு முறையான உரிமம் வழங்க வேண்டும்.

4. குற்றப் பின்னணி இல்லாத விவசாயிகளின் துப்பாக்கியைத் தேர்தல் நேரத்தில் ஒட்டுமொத்தமாகப் பறிக்கக் கூடாது.

5. 3 கிலோமீட்டருக்குள் உள்ள அடிவாரக் கிராமங்களுக்கும் 11ஆவது பிரிவின் அனுமதியை நீட்டிக்க வேண்டும். கேரளத்தைப் போல அந்த அதிகாரம் கிராமத்துக்கு வர வேண்டும்.

6. பயிர்ச் சேதத்துக்கு விளைச்சல் மதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும். 2026 காரிஃப் முதல் வன விலங்குச் சேதமும் பயிர்க் காப்பீட்டில் சேரும் என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. 72 மணி நேரத்தில் செல்போன் செயலியில் படத்தோடு பதிய வேண்டும் என்கிறார்கள். சிக்னல் இல்லாத அடிவாரத்தில் வேளாண் அலுவலகமே பதிந்து கொடுக்க வேண்டும். விலங்குப் பட்டியலிலும் பகுதிப் பட்டியலிலும் நம் கிராமங்கள் விடுபடக் கூடாது.

கிளைகள் செய்ய வேண்டியது

கோரிக்கை மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். பன்றி இறங்கிய மறுநாள் காலையே படம் எடுங்கள். தேதி, சர்வே எண், பயிர், சேதப் பரப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். சிட்டா, அடங்கல் நகலோடு வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு, விதைக்காத நிலம். நிலுவையில் உள்ள உரிம மனுக்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலவரம் கேளுங்கள். மாதாந்திரக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது நோட்டோடு வாருங்கள். ராத்திரிக் காவலைத் தனித்தனியாகப் பார்க்காமல் நாலு நிலத்துக்காரர் சேர்ந்து முறை போட்டுப் பாருங்கள்.

வீட்டில் அடைத்த தோட்டாவும் திரட்டிய மருந்தும் இருந்தால், தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள், எரிக்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள், பிள்ளைகள் கையில் படவிடாதீர்கள். தொடாமல் வைத்துவிட்டுச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களும் வழக்கறிஞரும் உடன் இருக்க, முறைப்படி ஒப்படைக்க ஏற்பாடு செய்வோம். சங்கம் உங்களோடு நிற்கும்.

பெற்றவர்களே, தாய்மார்களே! “ஒரு தடவைதானே” என்று சொல்லும் ஆளைத் தடுத்து நிறுத்துங்கள். கடலை போனால் அடுத்த பட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். கண் போனால் எந்தப் பட்டத்தில் முளைக்கும்?

அடைக்க வேண்டியது தோட்டாவை அல்ல. கலெக்டர் அலுவலக வாசலை, நம் மனுக்களால்!

பயிரைக் காப்போம்! உயிரையும் காப்போம்!
ஒன்றுபடுவோம்! வென்றெடுப்போம்!

போராட்ட வாழ்த்துகளுடன்,
செயலாளர்